பட்டன் டயர் உதறுகிறதா? உள்ளே கொட்டும் மணியும் வெளியே அடிக்கும் வெயிட்டும்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்த ஊர் டயர் கடையில் நின்றாலும் இப்போது இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பழைய மேஜர் ஜீப்போ புது மஹிந்திரா தாரோ, இருந்த டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல பட்டன் டயர், அதாவது கட்டை கட்டையாக ரப்பர் துருத்திநிற்கும் மட் டயர், போட்டிருப்பார்கள். "மலையில ஒண்ணும் தெரியலண்ணா, மேட்டுப்பாளையம் தாண்டி எண்பதுல போனா ஸ்டியரிங் உதறுது" என்பதுதான் புகார். உடனே நாலு பேர் நாலு மருந்து சொல்வார்கள். அலைன்மென்ட் பார் என்பார் ஒருவர். பெரிய டயருக்கெல்லாம் பேலன்சிங் நிக்காது, அப்படியே ஓட்ட வேண்டியதுதான் என்பார் இன்னொருவர். யூடியூப் பார்த்த தம்பி ஒருவர், டயருக்குள் ஒரு பொட்டலம் சின்னக் கண்ணாடி மணியைக் கொட்டிவிட்டால், பேலன்சிங்குக்காகச் சக்கரத்தில் ஆயுசுக்கும் வெயிட்டே அடிக்க வேண்டாம் என்பார்.

இந்த மணி விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். அதை மந்திரம் போலப் பேசுகிறவர்களும் சரி, ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறவர்களும் சரி, டயருக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. அது தெரிந்துவிட்டால் உங்கள் வண்டிக்கு மணி ஒத்துவருமா வராதா என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆனால் வெயிட் ஏன் அடிக்கிறார்கள் என்பது புரியாமல் மணி புரியாது. அதனால் அங்கிருந்து வருவோம்.

## அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. அது தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் தேயும். பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. அது தப்பினால் உதறும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்துபோகும் உதறலுக்கு அலைன்மென்ட் பார்ப்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு. இதற்குமேல் அலைன்மென்டைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

## ஈரக் கம்பளியும் வாஷிங் மெஷினும்

ஜூலை மழையில் ஊட்டியில் துணி காயவைத்தவர்களுக்கு மெஷினின் ஸ்பின் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். அதில் ஒரே ஒரு ஈரக் கம்பளியைப் போட்டுச் சுற்றவிட்டால் என்ன ஆகும்? கம்பளி தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். தொட்டி அந்தப் பக்கமாக இழுபட்டு, மெஷினே தரையில் நடக்க ஆரம்பித்துவிடும்.

சக்கரத்திலும் இதேதான். டயர் ஊற்றும்போது ரப்பர் ஓரிடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும், இன்னோரிடத்தில் உள்ளிருக்கும் இழை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். டயரை மாட்டும் டிஸ்க்கில் (ரிம் என்பார்களே, அதில்) வால்வுக்கான துளை, பற்றவைத்த இடம் என்று சின்னச் சின்ன வேறுபாடுகள். மொத்தத்தில் சக்கரத்தின் ஒரு பக்கம் கனத்துவிடுகிறது. அந்த இடத்தைக் கனப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் சுற்றும்போது கனப்புள்ளி வெளியே பாயப் பார்க்கும். வெளியே இழுக்கும் அந்த விசையைத்தான் பள்ளிப் பாடத்தில் மையவிலக்கு விசை என்று படித்தோம்.

பட்டன் டயரில் இது ஏன் அதிகம்? அதன் ரப்பர் கட்டைகள் தடிமனானவை. ரப்பரின் பெரும்பகுதி மையத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது. 33 அங்குல மட் டயர் இரும்பு டிஸ்க்கோடு சேர்ந்து 40 கிலோ அளவுக்கு வரும். அவ்வளவு எடையில் 100 கிராம் வேறுபாடு ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் சுற்றும்போது கணக்கு வேறு.

## மலையில் ஏன் தெரிவதில்லை

மையவிலக்கு விசை வேகத்தோடு சேர்ந்து நேராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும்போது நம் வண்டிகள் மணிக்கு 30 கி.மீ. தாண்டுவது அபூர்வம். அந்த வேகத்தில் 33 அங்குல டயர் வினாடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். டயரின் வெளி விளிம்பருகே 100 கிராம் கனப்புள்ளி இருந்தால், அது சக்கரத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசிகளையும், பிரேக் சூட்டையும் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒன்றரைக் கிலோ எங்கே தெரியும்?

அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கி கோவை ரோட்டில் 80-ஐத் தொடும்போது, டயர் வினாடிக்கு எட்டு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதே 100 கிராம் இப்போது பதினோரு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அதுவும் ஒரு வினாடியில் எட்டு தடவை, ஒவ்வொரு திசையாக. ஸ்டியரிங் உதறாமல் என்ன செய்யும்?

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு உபயோகமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 25, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி பலமாக ஆடினால், அது பேலன்சிங் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டிஸ்க் நெளிந்திருக்கலாம், டயர் டிஸ்க்கில் சரியாக உட்காராமல் இருக்கலாம், வீல் பேரிங் ஆட்டம் கொடுக்கலாம். முன்பக்கம் முழு அச்சு உள்ள பழைய ஜீப் என்றால், முன்சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளான கிங் பின்னும் டை ராடு எண்டும் தேய்ந்திருக்கலாம். இதற்கெல்லாம் மணியும் மருந்தல்ல, வெயிட்டும் மருந்தல்ல.

நைலான் டயர் போட்டவர்களுக்கு இன்னொன்று. உறைபனிக் காலத்தில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் நைலான் டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடும். காலையில் முதல் சில கிலோமீட்டர் டக்டக்கென்று தட்டும், டயர் சூடேறியதும் சரியாகிவிடும். இதற்காகவே பேலன்சிங் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சுருக்கமாக, இதுவரை: கனப்புள்ளி இருந்தால் உதறும். உதறல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதனால் மலையில் தூங்கிய குறை சமவெளியில் எழுந்து உட்காரும்.

## வெயிட் செய்யும் வேலை

கடையில் சக்கரத்தை மெஷினில் பூட்டிச் சுற்றுகிறார்கள். கனப்புள்ளி எங்கே, எத்தனை கிராம் என்று மெஷின் சொல்கிறது. அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்க்கில் அதே அளவுக்கு ஈடு கொடுக்கிறார்கள். இரும்பு டிஸ்க் என்றால் விளிம்பில் கிளிப் வெயிட்டைச் சுத்தியால் தட்டுவார்கள். அலாய் என்றால் உள்பக்கம் ஒட்டும் வெயிட். அவ்வளவுதான் வேலை.

இதில் இரண்டு வகைக் குறையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சக்கரத்தின் ஒரு பக்கம் மொத்தமாகக் கனத்திருந்தால் சக்கரம் மேலும் கீழும் குதிக்கும். இதை நிலைக் குறை என்போம். சில சமயம் உள்பக்கச் சுவரில் ஒரு கனப்புள்ளியும், வெளிப்பக்கச் சுவரில் நேர் எதிரே இன்னொரு கனப்புள்ளியும் இருக்கும். இரண்டும் எடையில் சமம். அதனால் சக்கரத்தை நிறுத்திவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் சுற்றும்போது ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்க, சக்கரம் இடமும் வலமுமாக முறுக்கிக்கொண்டு ஆடும். இது குறுக்குக் குறை. அகலமான டயரில் இது மோசமாக வரும். ஏனென்றால் இரண்டு சுவருக்கும் நடுவில் தூரம் அதிகம். நல்ல மெஷின் உள்பக்கத்துக்கு ஒரு எண்ணும் வெளிப்பக்கத்துக்கு ஒரு எண்ணும் தனித்தனியாகக் காட்டுவது இதற்காகத்தான். உள்பக்கம் சேறாக இருக்கிறது, வெளியே மட்டும் அடித்துவிடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாதி வேலைக்கு முழுக்காசு கொடுத்த கதையாகிவிடும்.

பெரிய டயரில் வெயிட்டுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கனப்புள்ளி இருப்பது மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி, ரப்பர் கட்டைகளின் பக்கம். வெயிட் அடிக்க முடிவதோ டிஸ்க் விளிம்பில். 16 அங்குல டிஸ்க் என்றால் மையத்திலிருந்து 20 செ.மீ. சுமார். பாதித் தூரத்தில் இருப்பதால் இரு மடங்கு எடை வேண்டும். அங்கே 100 கிராம் கனம் என்றால் இங்கே 200 கிராம் வெயிட். டயர் பெரிதாகவும் டிஸ்க் சிறிதாகவும் ஆக ஆக இந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். டிஸ்க்கைச் சுற்றி மாலை போட்டது மாதிரி வெயிட் வரிசையாகத் தொங்கும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய டயருக்கு பேலன்சிங் நிக்காது என்ற பேச்சுக்கு மூலம் இதுதான். நிற்காமல் இல்லை. ஆனால் நிறைய வெயிட் வேண்டும், வெயிட் கூடக் கூட ஒன்றாவது கழன்று விழ வாய்ப்பும் கூடும்.

அவ்வளவு வெயிட் கேட்கிறது என்றால், அடிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. காற்றை இறக்கி, டயரை டிஸ்க்கின்மேல் அரைச்சுற்று திருப்பிப் போட்டு மறுபடி மெஷினில் பார்க்கவேண்டும். டயரின் கனப்புள்ளியும் டிஸ்க்கின் கனப்புள்ளியும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இப்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். பல கம்பெனி டயர்களில் பக்கச்சுவரில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். டயரின் லேசான இடம் அது. வால்வு இருக்கும் பக்கம் பொதுவாக டிஸ்க்கின் கனமான பக்கம் என்பதால், மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்துப் பூட்டுவது வழக்கம். இதைச் செய்ய கடைக்காரருக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதனால் பலர் செய்வதில்லை. கேட்டு வாங்குங்கள்.

மெஷினில் பூட்டும்போதும் ஒரு தப்பு நடக்கும். சக்கரத்தின் மையமும் மெஷின் தண்டின் மையமும் ஒன்றாக உட்காராவிட்டால் மெஷின் காட்டும் எண் பொய். இதைச் சோதிப்பது சுலபம். வெயிட் அடித்து முடித்து பூஜ்யம் காட்டியபிறகு, சக்கரத்தைக் கழற்றி அரைச்சுற்று திருப்பிப் பூட்டி மறுபடி ஓடவிடச் சொல்லுங்கள். பூஜ்யமோ அதையொட்டியோ வந்தால் சரி. திடீரென்று ஐம்பது அறுபது கிராம் கேட்டால் முதல் தடவை பூட்டியதே கோணல். எனக்குத் தெரிந்து, மூன்று கடை ஏறியும் சரியாகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களில் நிறையப் பேரின் பிரச்சினை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

## கரடுமுரடில் வெயிட்டுக்கு வரும் ஆபத்து

வெயிட் என்பது ஒரு நாள் எடுத்த அளவு. அன்றைக்குச் சக்கரம் எப்படி இருந்ததோ அதற்கான ஈடு. டயர் தேய்ந்தால், கட்டை ஒன்று பிய்ந்தால், அளவு மாறிவிடும். தார்ச்சாலை வண்டிக்கு இது மெதுவாக நடக்கும். எஸ்டேட் ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேகமாக நடக்கும். கல் உரசி கிளிப் பறக்கும். ஒட்டும் வெயிட் சேற்றில் நனைந்து, பிரேக் சூட்டில் பசை இளகி விழும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சேற்றிலும் பாறையிலும் பிடிப்புக் கிடைக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறுவோம். அப்போது டிஸ்க் டயரைப் பிடித்திருக்கும் பிடியும் குறைகிறது. முதல் கியரில் முக்கி ஏறும்போது டிஸ்க் சுற்ற, டயர் அதன்மேல் ஒரு கை அளவுக்கு நழுவிவிடலாம். வெயிட் டிஸ்க்கோடு போய்விட்டது, கனப்புள்ளி டயரோடு நின்றுவிட்டது. எதிரெதிராக இருந்த இரண்டும் இப்போது கோணலாக நிற்கின்றன. காலையில் மெஷினில் பார்த்த பேலன்சிங் மாலையில் இல்லை. வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால், நழுவியதா இல்லையா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

வெயிட்டுகள் காலங்காலமாக ஈயத்தில் வந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் புதிய கார்களில் ஈய வெயிட்டைத் தடை செய்துவிட்டது. அங்கே துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. இங்கே மலைச் சாலை ஓரத்தில் விழும் ஈயம் மழையில் உருண்டு ஓடைக்குத்தான் போகும். முடிந்தால் இரும்பு வெயிட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

## மணிகள் எப்படி இடம் தேடுகின்றன

இனி மணி. கண்ணாடியிலோ பீங்கானிலோ செய்த, கடுகைவிடச் சிறியதிலிருந்து மிளகளவு வரை உள்ள உருண்டைகள். இந்த அளவு டயருக்கு 200 கிராம் சுமார், பெரிய லாரி டயருக்கு 300 கிராமுக்கு மேல், என்று கம்பெனி அட்டவணை இருக்கும். டயர் மாட்டும்போது உள்ளே போட்டுவிடலாம், அல்லது வால்வு வழியாக ஏற்றலாம். அவற்றை யாரும் எங்கேயும் ஒட்டுவதில்லை. உள்ளே சும்மா உருண்டுகொண்டிருக்கும். கேள்வி இதுதான்: உருண்டுகொண்டிருக்கும் மணிக்குக் கனப்புள்ளிக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்று எப்படித் தெரியும்?

சும்மா யோசித்தால் நேர்மாறாகத்தான் தோன்றும். கனம் ஒரு பக்கம் இழுக்கிறது, மணிகளும் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்து இன்னும் கெடுக்கும் என்று. இந்தச் சந்தேகம் நியாயமானது. குறைந்த வேகத்தில் உண்மையும்கூட.

மறுபடி வாஷிங் மெஷினுக்குப் போவோம். மேலே மூடி திறக்கும் மெஷினின் தொட்டி கம்பி ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. ஸ்பின் ஆரம்பிக்கும்போது கவனித்திருப்பீர்கள். முதலில் மெதுவாக ஆடும், வேகம் ஏற ஏற ஒரு கட்டத்தில் படபடவென்று பலமாக உதறும், அதைத் தாண்டியதும் ஆச்சரியமாக அமைதியாகிவிடும். அந்த உதறும் வேகத்துக்குக் காரணம் ஒத்ததிர்வு. ஸ்பிரிங்கில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. வெளியிலிருந்து வரும் தள்ளல் அதே வேகத்தில் வந்தால் ஆட்டம் பெரிதாகிவிடும். அதுதான் ஒத்ததிர்வு.

படபடவென்று உதறும் அந்த வேகத்தை எல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்குக் கீழே, கம்பளி இருக்கும் பக்கமாகவே தொட்டி இழுபடுகிறது. கம்பளிப் பக்கம் சுழற்சி மையத்திலிருந்து தூரத்தில் இருக்கிறது. எல்லைக்கு மேலே போனதும் நிலைமை தலைகீழாகிவிடும். அந்த வேகத்தில் ஸ்பிரிங்கால் தொட்டியைப் பிடித்து நடுவில் வைக்க முடிவதில்லை. தொட்டியும் கம்பளியும் சேர்ந்து, தங்கள் மொத்த எடையின் மையத்தைச் சுற்றியே சுழல ஆரம்பிக்கின்றன. அந்த மையம் கம்பளிப் பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அதனால் இப்போது கம்பளிப் பக்கச் சுவர் சுழற்சி மையத்துக்குக் கிட்டே வந்துவிட்டது, எதிர்ப்பக்கச் சுவர் தள்ளிப் போய்விட்டது.

தொட்டியின் மேல் விளிம்பில் தடிமனான ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். ஆட்டிப்பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையும். அது உப்புத் தண்ணீர், வளையத்தில் பாதி அளவுக்கு நிரப்பியிருப்பார்கள். சுற்றும்போது தண்ணீர் மையத்திலிருந்து எங்கே அதிகத் தூரமோ அங்கே போய் ஒதுங்கும். எல்லையைத் தாண்டிய வேகத்தில் அந்த இடம் கம்பளிக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒதுங்கிய தண்ணீரே ஈடாகிவிடுகிறது. ஈடு சரியானதும் எந்தப் பக்கமும் தூரமில்லை, அதனால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுகிறது.

டயருக்குள் மணிகள் செய்யவேண்டியதும் இதுவேதான். கனப்புள்ளியை அவை அறிவதில்லை. மையத்திலிருந்து தூரமான இடத்துக்கு ஓடுவது ஒன்றே அவற்றின் வேலை. சக்கரம் எல்லையைத் தாண்டிய வேகத்தில் சுற்றினால் அந்த இடம் சரியான இடமாக அமைகிறது. தாண்டாவிட்டால் தப்பான இடமாக அமைகிறது. இந்த ஒரு நிபந்தனையைச் சொல்லாமல்தான் ஆதரவாளர்கள் மணியை விற்கிறார்கள்.

வெயிட்டோடு ஒப்பிட்டால் மணிக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அது இருப்பது டயரின் உள்சுவரில், கனப்புள்ளிக்குப் பக்கத்துத் தூரத்தில். 100 கிராம் கனத்துக்கு 100 கிராம் மணி போதும், 200 வேண்டாம். டயர் டிஸ்க்கின்மேல் நழுவினாலும் கவலையில்லை. கட்டை தேய்ந்தாலும் மணிகள் புது இடம் தேடிக்கொள்ளும்.

சுருக்கமாகச் சொன்னால்: வெயிட் அளந்து வைத்த ஈடு. மணி ஆட்டத்தைப் பார்த்து ஓடிப்போய் நிற்கும் ஈடு. ஆட்டம் சரியான விதத்தில் இருந்தால்தான் சரியான இடத்தில் நிற்கும்.

## ஜீப்பில் அந்த எல்லை எங்கே?

சண்டை முழுக்க இங்கேதான். வாஷிங் மெஷின் தொட்டி தளர்வாகத் தொங்குகிறது, அதன் எல்லை மிகக் குறைந்த வேகத்திலேயே வந்துபோய்விடும். ஜீப்பின் சக்கரம் அப்படியில்லை. கீழே டயர் ரப்பர், மேலே ஸ்பிரிங், இரண்டுக்கும் நடுவில் இறுகப் பிடித்திருக்கிறது. சாதாரணக் கார்களில் சக்கரமும் அச்சும் தானாக மேலும் கீழும் துள்ளும் வேகம் வினாடிக்கு 10 முதல் 15 தடவை. நம் 33 அங்குல டயரோ 80 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு எட்டு சுற்றைத்தான் தாண்டுகிறது, 100-ல் பத்தரை. அதாவது நாம் ஓட்டும் வேகத்தின் பெரும்பகுதி எல்லைக்குக் கீழே, அல்லது அதை ஒட்டி.

மேலும் கீழுமான துள்ளலை மட்டும் வைத்துப் பார்த்தால் மணி வேலை செய்யக்கூடாது என்று பொறியாளர்களில் ஒரு சாரார் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் அச்சு முன்னும் பின்னுமாகவும் அசைகிறது, ஸ்டியரிங் திசையிலும் அசைகிறது. ஒவ்வொரு திசைக்கும் எல்லை வேறு. அச்சு கனமான வண்டியில், புஷ் தளர்ந்த வண்டியில் எல்லை இன்னும் இறங்கும். ஒருவர் மணி போட்டு உதறல் நின்றுவிட்டது என்பதும், இன்னொருவர் அதே மணியைப் போட்டு இன்னும் கெட்டது என்பதும் இரண்டுமே நம்பக்கூடியதாக இருப்பது இதனால்தான். இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரின் வண்டி வேறு.

மெதுவாகப் போகும்போது மணிகள் சுவரில் ஒட்டி நிற்பதே இல்லை. ஒட்டி நிற்க, மையவிலக்கு விசை புவி ஈர்ப்பை மிஞ்சவேண்டும். கணக்குப்படி இந்த டயரில் அது மணிக்கு ஏழெட்டு கி.மீ.-யிலேயே நடக்கும். ஆனால் வழுக்கும் மணிகளை டயர் தன்னோடு இழுத்துக்கொண்டு போகவேண்டுமே, அதனால் நடைமுறையில் இன்னும் வேகம் வேண்டும். அதுவரை உள்ளே சலசலவென்று சத்தம் கேட்கும். குன்னூர் மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் மணிகள் சரிந்து, அடுத்த நேர்ச்சாலையில் மறுபடி ஏறும். நல்லவேளை, அந்த வேகத்தில் பேலன்சிங்கே தேவையில்லை.

## மணியால் ஆகாதவை

குறுக்குக் குறை மணிக்குக் கடினம். டயரின் உள்சுவர் நடுவில் லேசாகக் குழிந்து மையத்திலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும். மணிகள் பெரும்பாலும் அந்த நடுக்கோட்டையே நாடும். உள்பக்கச் சுவருக்குக் கொஞ்சம், வெளிப்பக்கச் சுவருக்குக் கொஞ்சம் என்று பிரிந்து நிற்க அவற்றுக்கு வழி குறைவு. இருசுவருக்கும் தனித்தனி எண் காட்டும் மெஷினும் கிளிப்பும் இங்கே தெளிவாக ஜெயிக்கின்றன.

டயர் வட்டமாக இல்லாவிட்டால் இரண்டுமே தோற்கும். எடை சமமாக இருந்தும் முட்டை வடிவில் இருக்கும் சக்கரம் குதிக்கத்தான் செய்யும். ஜாக்கியில் தூக்கி, கட்டைகளுக்கு அருகே ஒரு கம்பியை அசையாமல் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும்.

பிறகு ஈரம். மணி உருளவேண்டும் என்றால் உள்ளே காய்ந்திருக்கவேண்டும். நம் ஊரில் பஞ்சர் கடை கம்பிரசர் டேங்கில் தண்ணீர் தேங்காத நாளில்லை. தேவாலா, கூடலூர் பக்கம் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். டேங்க் தண்ணீரை வடிக்காமல் காற்று பிடித்தால் தண்ணீரும் சேர்ந்து டயருக்குள் போகும். டயர் மாட்டத் தடவிய சோப்பும் இருக்கும். மணிகள் கட்டிபிடித்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், நீங்களே காசு கொடுத்து ஒரு கனப்புள்ளியை வாங்கி உள்ளே வைத்தது போலாகும். பஞ்சர் ஆகாமலிருக்க ஊற்றும் திரவமும் மணியும் ஒரே டயரில் கூடவே கூடாது.

டியூப் டயரில் மணியைத் தொடவேண்டாம். எஸ்டேட் ஜீப்புகளில் இன்னும் 6.00-16 டியூப் டயர்கள் ஓடுகின்றன. டயருக்கும் டியூபுக்கும் நடுவில் மணி மாட்டினால் டியூபை அரைத்துவிடும்.

வால்வு விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மணி போட்ட டயரில் வடிகட்டி உள்ள வால்வு பின் போடவேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குறைக்கும்போது ஒரு மணி வால்வு வாயில் சிக்கி, காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் பின்னைக் கழற்றினால் மணிகள் அவர் முகத்தில்தான் பீய்ச்சும்.

மணி போட்ட சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சரிபார்க்கவும் முடியாது. மெஷின் தண்டு அசையாமல் இறுகப் பிடித்திருக்கும், சுற்றும் வேகமும் குறைவு. ஓடவேண்டிய திசை மணிக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வரும். இதைப் பார்த்து மணி மோசடி என்று முடிவு கட்டுவதும் தப்பு, மெஷின் கெட்டுவிட்டது என்று சண்டை போடுவதும் தப்பு.

## யாருக்கு எது

என் கட்சி வெயிட்தான், அதை மறைக்கவில்லை. வாரம் ஒருமுறை கோவை போய்வரும் தார், ஜிம்னி, காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் எல்லாவற்றுக்கும், டயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, இருபக்கமும் அடித்த வெயிட் போதும். அளந்து செய்கிற வேலை. சரியில்லை என்றால் எங்கே சரியில்லை என்று தெரியும்.

மணிக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. அடிக்கடி காற்றை இறக்கி ஏறுகிறவர், மாதாமாதம் வெயிட் பறிகொடுக்கிறவர், டயர் நழுவாமலிருக்க டிஸ்க்கின் வெளிவிளிம்பில் போல்ட் வளையம் போட்டு கிளிப் அடிக்க இடமில்லாதவர், உள்ளூர் மெஷினில் கொள்ளாத அளவு டயர் வைத்திருக்கிறவர். இவர்கள் டியூப் இல்லாத டயரில், டயர் வட்டமாக இருக்கிறது என்று உறுதி செய்தபிறகு, உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவைத்துப் போட்டுப் பார்க்கலாம். போட்டபின் கெட்டால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும், ஓட ஓட சரியாகும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. மலையை விட்டு இறங்காத, 40-ஐத் தாண்டாத எஸ்டேட் வண்டிக்கு? இரண்டும் வேண்டாம். அந்தக் காசில் கிங் பின் பாருங்கள்.

## கடைக்குப் போகும் முன்

உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரத்தில் தேடுங்கள், சீட்டில் தெரிந்தால் பின்சக்கரத்தில். நேற்றுவரை இல்லாமல் இன்று வந்த உதறல் என்றால் கடைசியாகச் சேற்றில் இறங்கியது எப்போது என்று யோசியுங்கள். நம் செம்மண் டிஸ்க்கின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்தால் 200 கிராம் சாதாரணமாகச் சேரும், அதுவும் ஒரே பக்கமாக. சமவெளியில் உதறுகிறது என்று வரும் ஜீப்புகளில் பலவற்றுக்கு மணியும் வேண்டாம், வெயிட்டும் வேண்டாம். வாட்டர் சர்வீசில் தண்ணீர் அடிக்கும்போது சக்கரத்தின் உள்பக்கமும் அடிக்கச் சொன்னால் போதும். வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று கழுவிக் கொடுப்பார்கள். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.